எங்க வக்கீலுக்குப் பணம் வரலை

அளவற்ற அருளாளனின் பெயரால் தொடங்குகிறேன். இதில் பிழை இருந்தால் என்னுடையது. நல்லது ஏதாவது இருந்தால் அவன் கொடுத்தது.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பழைய ஆபீசில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற கவிதா.

“பாய், சாப்ட்டீங்களா? ஒரு டவுட்டு.”

“கேளும்மா.”

“சட்டத்துல பிஎச்டி பண்ற ஒரு ஸ்டூடண்ட் ஊக்கத்தொகைக்கு ஆன்லைன்ல போட்டிருக்காங்க. ‘வேறு தொழில் செய்கிறீர்களா’ன்னு கேக்கற எடத்துல ‘வக்கீல்’னு அடிச்சி வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டரு செவப்பு காட்டிகினே இருக்குது. நீங்க இதே மாரி ஒரு கேசு பாத்தீங்களாமே? நம்ம டிரைவரண்ணன் சொல்ல ஆரம்பிச்சாலே சிரிக்கிறாரு, முழுசா சொல்ல மாட்டேங்கறாரு. இன்னா பாய் அது?”

செருப்பு கிடைத்துவிட்டது. ஆனால் இந்தக் கதை வாசலில் நின்று சொல்லக்கூடியது இல்லை. “எழுதி அனுப்பறேம்மா” என்றேன். நம் ஓய்வூதியர் மலருக்கும் ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டபடி இருந்தார்கள். ஒரே எழுத்தில் இரண்டு கடனையும் அடைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பத்தாவதுதான். கள்ளக்குறிச்சி கடைவீதியில் எங்கள் அத்தாவுக்கு, அப்பாவைத்தான் சொல்கிறேன், பாத்திரக் கடை. அண்ணன்கள் கல்லாவில் உட்கார்ந்தார்கள். என்னையும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். குடத்தின் விலை என்ன என்று கேட்டால் வாங்கின விலையையே சொல்லிவிடுவேன். “உன்னை வெச்சிகினு கடை நடத்தினா அடுத்த ரம்ஜானுக்கு நாமளே ஏழைங்களோட நின்னு ஜகாத் வாங்கணும்டா. நீ கவர்மெண்டுக்குத்தான் லாயக்கு” என்று பெரியண்ணன் வேலைவாய்ப்பு அலுவலகத்து வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். விழுப்புரத்தில் பியூன் வேலை கிடைத்தது. தண்ணீர் வைத்தேன், பைல் தூக்கினேன், பைலைப் பிரித்துப் பார்த்தேன், பிறகு எழுதினேன். பாதி வயது விழுப்புரம் பஸ்ஸிலேயே போனது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது பழங்குடியினர் நலப் பிரிவில் உதவித்தொகை பார்க்கிற சீட்டு எனக்கு வந்தது. சொந்த ஊரில் வேலை. மனைவி மும்தாஜ் அன்றைக்குப் பால் காய்ச்சி பாயசம் செய்து தெருவுக்கே கொடுத்தாள்.

உதவித்தொகை சீட்டில் இருப்பவன் மனிதர்களைப் பெயரால்தான் அறிவான். கல்வராயன் மலையில் ராமன் ஜாஸ்தி. அப்பா பெயர் ராமன், மகன் பெயர் ராமன், பக்கத்து வீட்டிலும் ராமன். மலை ஹாஸ்டலில் போய் “ராமன் யாருப்பா” என்று கேட்டால் பாதிப் பந்தி எழுந்து நிற்கும். ஒருமுறை ஒரு ராமனின் பணம் இன்னொரு ராமனின் கணக்குக்குப் போய்விட்டது. எந்த ராமனைத் தேடுவது என்று நான் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பணம் போன ராமனே, பணம் வரவேண்டிய ராமனைக் கையோடு கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டான். “நான் இவன் இல்லீங்க சார், இவன்தான் நானு” என்றான். அப்படிப்பட்ட ஜனங்களுக்குக் காகிதம் பார்க்கிற வேலையை அல்லாஹ் எனக்குக் கொடுத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் அதிகாரி திலகவதி மேடம். களமருதூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அதிகம் சிரிக்க மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கூட்டம் வைக்க மாட்டார். நான் கேட்டதே இல்லை, அவராகவே அப்படி வைத்துக்கொண்டார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பைலையும் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டார். “படிங்க பாய்” என்பார். நான் நின்று சத்தமாகப் படிக்கவேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். என் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே கையைத் தூக்குவார். அங்கேதான் தப்பு இருக்கும்.

“கண்ணால படிச்சா நாம நெனச்சது தெரியும் பாய். வாயால படிச்சாதான் எழுதினது தெரியும்” என்பார். மற்ற செக்‌ஷன்காரர்கள் எங்கள் அறையை ‘ரேடியோ ஸ்டேஷன்’ என்று கிண்டல் செய்வார்கள். மத்தியானத்தில் கதவு ஓரம் வந்து, “பாய், செய்தி முடிஞ்சிடுச்சா, பாட்டு எப்போ?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த அறைக்குத்தான் ஒருநாள் அலமேலு வந்தாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். மலையில் பள்ளிக்கூடம், சமவெளியில் ஹாஸ்டல், பிறகு சட்டப் படிப்பு, அதற்கும் மேலே இன்னொரு சட்டப் படிப்பு. இப்போது பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன், ஊக்கத்தொகை வேண்டும் என்றாள். எங்கள் சீட்டில் சட்டத்தில் பிஎச்டி என்று வந்த முதல் ஆள் அவள்தான்.

எனக்கு ஆசை அடங்கவில்லை. “ஏம்மா, சட்டம் படிச்சா கோர்ட்டுக்குத்தானே போவாங்க? அதை வுட்டுட்டு இன்னும் இன்னா படிப்பு?” என்றேன்.

“இதையே எங்க ஊர்ல எல்லாரும் கேட்டுட்டாங்க சார். நீங்கதான் கடைசி” என்றாள். பிறகு சொன்னாள்: “எங்க ஊர்ல நெலத் தகராறு, வரப்புத் தகராறு எல்லாம் ஊர்க்கூட்டத்துலயே பேசித் தீத்துக்குவாங்க. அதுக்கு ஒரு மொற இருக்குது. எங்கயும் எழுதி வெக்கல. அதைத்தான் ஆராய்ச்சி பண்றேன்.”

திலகவதி மேடம் கண்ணை மூடியபடியே, “நல்லாருக்கு. படிங்க பாய்” என்றார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உதவித்தொகைக்குக் காகிதம் கம்மி. ஆராய்ச்சி மாணவர் அப்படி இல்லை. பல்கலைக்கழகம் பதிவு செய்த உத்தரவு வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியரின் சான்று வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை, வருகைச் சான்று. இதற்கெல்லாம் மேலே ஓர் உறுதிமொழி: ‘நான் முழுநேரமாக ஆராய்ச்சி செய்கிறேன், வேறு எந்தப் பணியோ தொழிலோ செய்யவில்லை.’ தமிழோ வரலாறோ ஆராய்கிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். சட்டம் படித்தவர்களுக்குத்தான் இது முள். படித்து முடித்தவுடன் பார் கவுன்சிலில் பதிந்துவிடுவார்கள். பதிந்தால் வக்கீல், கோர்ட்டு வாசலை மிதிக்காவிட்டாலும் வக்கீல். அலமேலுவும் முன்பே பதிந்திருந்தாள். ஆராய்ச்சியில் சேர்ந்ததும் பதிவை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிவிட்டாள். பதில் மட்டும் வரவில்லை. எழுதின நகலை வைத்து மேடம் சிபாரிசு செய்தார். பணம் வர ஆரம்பித்தது.

இந்தப் பணம் எப்படி வரும் என்பது வாங்கினவர்களுக்குத்தான் தெரியும். சம்பளம் மாதிரி மாதம் பிறந்தால் வராது. நிதி ஒதுக்கீடு ஆகவேண்டும், கருவூலம் பாஸ் செய்யவேண்டும். சில நேரம் மழை மாதிரி மொத்தமாகக் கொட்டும், சில நேரம் மேகமே தெரியாது. இரண்டாவது வருஷம் அப்படி ஒரு வறட்சி வந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் பாக்கி. அவள் அண்ணன் கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலையில் இருந்தான். தங்கையையும் அங்கே கணக்குப் பார்க்க வரச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள், பணம் வரவில்லை என்று. அவள் சொன்னது அவ்வளவுதான்.

பெரியப்பா கோவிந்தன்தான் அந்த ஊர்க் கவுண்டர், ஊருக்குத் தலைவர். ஊரையே கூட்டி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு அனுப்பிவிட்டார். மனு எங்கள் செக்‌ஷனுக்கு வந்தது. மேடம் கண்ணை மூடினார். நான் படித்தேன்.

“‘எங்கள் மலைக்கு ஒரே வக்கீல் அலமேலு. எங்கள் எல்லா கேசுகளையும் அவரே பேசி ஜெயித்துக் கொடுக்கிறார். எங்க வக்கீலுக்குப் பணம் வரலை. சீக்கிரம் கொடுக்கவும்.’”

கீழே ஊர் முழுக்கக் கையெழுத்தும் கைநாட்டும்.

மேடம் கண்ணைத் திறந்தார். “பாய், இது எங்கெங்க போயிருக்கு?”

“சென்னைக்கும் நகல் போயிருக்குங்க மேடம்.”

“போச்சு” என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து கடிதம் வந்தது. முழுநேர ஆராய்ச்சி மாணவி வழக்கறிஞர் தொழில் செய்வதாக மனுவிலிருந்து தெரிகிறது; நேரில் விசாரித்து அறிக்கை அனுப்பவும்; அதுவரை ஊக்கத்தொகையை நிறுத்தி வைக்கவும். தொழில் செய்தது உண்மை என்று ஆனால் இதுவரை வாங்கினதையும் திருப்பிக் கட்டவேண்டும். அந்தக் குடும்பம் எங்கே போய்க் கட்டும்? ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு மிளகுத் தோட்டத்துக்குத்தான் போகவேண்டும்.

அலமேலுவுக்கு நானே போன் செய்தேன். முதலில் மனுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சிரித்தாள். “‘ஜெயித்து’ன்ற வார்த்தையை எங்க பெரீப்பாதான் சொல்லி எழுத வெச்சிருப்பாரு சார். அவரு சீட்டாட்டத்துல ஜெயிச்சாக்கூட ஊருக்கே சொல்லுவாரு.” கொஞ்சம் கழித்துக் குரல் மாறியது. “நிறுத்திடுவாங்களா சார்? நான் ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் வெவரம் சொல்லட்டுமா?”

மேடம் போனை வாங்கிக்கொண்டார். “நீ வரக்கூடாது. போன்லயும் பேசாதே. நீ சொல்லிக் குடுத்தேன்னு ஒருத்தர் சொல்லிட்டா அப்பறம் நான் எழுதறது எதுவும் நிக்காது. அங்கயே உக்காந்து படி.”

கச்சிராயபாளையம் தாண்டி ஜீப் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கும் நான் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டே வந்தேன். டிரைவர் கலியமூர்த்தி திரும்பாமலே சொன்னார்: “பாய், நீங்க ஓதிக்கினே வாங்க. பிரேக்க நான் பாத்துக்கறேன். ரெண்டுல ஒண்ணு வேலை செய்யும்.” மேலே போகப் போகக் குளிர்ந்தது. சாமை வயலெல்லாம் பனி படிந்து வெள்ளையாகக் கிடந்தது.

ஊரில் எங்களுக்கு வரவேற்பு. பள்ளிக்கூட வராண்டாவைக் கழுவி மாவிலை கட்டியிருந்தார்கள். பெண்கள் பொட்டு வைத்துப் பூ வைத்து வந்திருந்தார்கள். தங்கள் வக்கீல் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்த்துப் பணம் கொடுக்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். கோவிந்தன் வெள்ளைத் துண்டு போட்டு முன்னால் நின்றார். தண்ணீர் கொடுத்தார். மேடம் வாங்கவில்லை.

“விசாரணைக்கு வந்திருக்கோம்ங்க. கையெழுத்து விழறதுக்கு முன்ன தண்ணிகூட வேணாம்” என்றார். என் பக்கம் திரும்பி, “எழுதுங்க பாய்.”

“அலமேலு உங்க ஊர்ல வக்கீல் வேலை பாக்குதா?” என்று கோவிந்தனைக் கேட்டார்.

“பாக்குதாவா? அதை வுட்டா வேற வக்கீலே இல்லீங்க இந்த மலையில! தோத்த கேசு ஒண்ணு காட்டுங்க பாப்போம்!”

என் பேனா நின்றது. மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “பீஸ் ஏதாவது வாங்குமா?”

“அதெப்பிடிங்க சும்மா வுடுவோம்? நாங்க இன்னா மானங்கெட்டவங்களா? கேசு முடிஞ்சா ஒரு மரக்கா சாமை. ஒரு சேவலு.”

அலமேலுவின் அத்தை செல்லம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். “நான் பலாப்பழம் குடுத்தேன். தூக்க முடியாத பழம்! இவங்க குடுத்த சேவலு இருக்கே, அதைப் புடிச்சா இறக்கைதான் இருக்கும்.”

“உங்க பழம் சொத்தையாச்சே” என்றார் பின்னால் ஒருவர்.

“யாருடா சொத்தைன்னது? அம்மா, எழுதிக்கங்க. பெரிய பழம்!”

ஆளுக்கு ஆள் போட்டி வந்துவிட்டது. தேன் கொடுத்தேன் என்றார் ஒருவர். கிழங்கு கொடுத்தேன், அதுவும் நடந்துபோய்க் கொடுத்தேன் என்றார் இன்னொருவர். அந்தப் பெண்ணின் மேல் வைத்த பிரியத்தில் ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து அவள் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மனதுக்குள், ‘யா அல்லாஹ், இவங்க நல்லவங்கதான், வாயைக் கொஞ்ச நேரம் மூடி வை’ என்று துஆ கேட்டேன்.

மேடம் வாசகத்தைச் சொல்ல, நான் எழுதினேன். நான் ‘வக்கீல்’ என்று எழுதப்போக, “வழக்கறிஞர்னு போடுங்க பாய். வக்கீல்னு எழுதினா ஆபீஸ்ல சிரிப்பாங்க” என்றார். அரசாங்க எழுத்துக்கு அதுதான் முறை. பீஸ் என்பது கட்டணம் ஆனது. கேசு என்பது வழக்கு ஆனது.

வாக்குமூலம் வாங்கினால், கொடுத்தவருக்கு அதைப் படித்துக் காட்டி, சரிதான் என்று அவர் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கவேண்டும். பல இடத்தில் இதை வாய் முணுமுணுக்கப் படித்துவிட்டு மையை நீட்டிவிடுவார்கள். எங்கள் மேடம் விடுவாரா? “சத்தமா படிங்க பாய். கடைசியில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்.”

படித்தேன். “‘மேற்படி அலமேலு என்பவர் எங்கள் ஊரில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, எங்கள் வழக்குகளை நடத்தி, அதற்குரிய கட்டணத்தைப் பொருளாகப் பெற்று வருகிறார்.’”

செல்லம்மா கேட்டார்: “இது யாரப் பத்திங்க?”

“அலமேலு பத்திதாம்மா.”

“இன்னாமோ சொன்னீங்களே, வழக்கு… அது இன்னாது?”

“வழக்கறிஞர். வக்கீல்தாம்மா. கருப்புக் கோட்டு போட்டுகினு கோர்ட்டுல நிப்பாங்களே.”

“அய்ய!” என்றார் செல்லம்மா, சாணியை மிதித்த மாதிரி. “அதுங்களா? அது காசு வாங்கிகினு பேசறவங்க. எங்க அலமேலு அங்க இன்னாத்துக்குப் போவப்போறா? அவ எங்க வக்கீலுங்க!”

மேடம் கையைத் தூக்கினார். என் நாக்கு தடுக்கவில்லை. செல்லம்மாவின் காது தடுத்திருந்தது.

“பெரியவரே, உங்க ஊர்ல வக்கீல்னா யாரு?” என்று கோவிந்தனைக் கேட்டார்.

தண்ணீர் என்றால் என்ன என்று கேட்டதுபோல அவர் மேடத்தைப் பார்த்தார். “பேச வராதவனுக்குப் பேசறவங்கதாங்க. வேற யாரு?”

“அலமேலுக்கு முன்னாடி யாரு வக்கீலு?”

“அவ அப்பன். என் தம்பி. கையெழுத்துப் போட வராதுங்க அவனுக்கு. வாய் இருந்துச்சு. அதுக்கு முன்ன எங்க சின்ன மாமன்.”

“செல்லம்மா, உங்க கேசு எந்த எடத்துல நடந்துச்சு?”

“ஆஸ்பத்திரியிலங்க. எம் மருமவளுக்கு எங்க வலிக்குதுன்னு டாக்டருகிட்ட சொல்லக் கூச்சம். அழுதுகினு நிக்கறா. அலமேலுதான் பக்கத்துல நின்னு சொன்னா.”

“உங்க கேசு?” தேன் கொடுத்தவரிடம் கேட்டார்.

“ரேஷன் கடையிலங்க.”

“எங்க கேசு பஸ்ஸு கேசு! டிப்போவுல போயி பேசி, திருப்பத்துலயே நிக்காத பஸ்ஸ ஊருக்குள்ள கொண்டாந்தா!” என்று பின்னாலிருந்து குரல்.

“சரி, அந்தப் பெரிய பலாப்பழத்தை அலமேலு எங்க எடுத்துகினு போச்சு?”

செல்லம்மாவுக்குக் கொஞ்சம் வெட்கம். “எங்க எடுத்துகினு போவறது? அங்கயே அறுத்து எல்லாரும்தான் தின்னோம். அவளுக்கு ஒரு கை சொளை.”

மேடம் சிரித்துவிட்டார். எனக்கு அதைப் பார்த்ததும் தைரியம் வந்தது. ஆனால் உடனே கவலையாகவும் கேட்டார்: “நமக்குப் புரியுது பாய். சென்னையில இருக்கறவங்களுக்கு? வக்கீல்னா வக்கீல் இல்லைன்னு எழுதினா, நம்மள ஒரு மாதிரி பாப்பாங்களே?”

நான் தயங்கித்தான் சொன்னேன். “மேடம், என் நிக்காஹ்லகூட ஒரு வக்கீல் இருந்தாருங்க.”

“உங்க கல்யாணத்துல வக்கீல் எதுக்கு? அப்பவே தகராறா?”

ஊரே சிரித்தது. கலியமூர்த்தி ஜீப்பிலிருந்தே சிரித்தார். “இல்லீங்க மேடம். எங்கள்ல பொண்ணு சபைக்கு வந்து ஒக்காராது. உள்ள போயி பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டு, வெளிய வந்து சபையில அதுக்காகச் சொல்ல ஒருத்தரு வேணும். அவருக்குப் பேரு வக்கீல். என் வூட்டுக்காரிக்கு அவங்க பெரிய மாமாதான் வக்கீல். தியாகதுருகத்துல வெல்ல மண்டி வெச்சிருந்தாரு.”

“சட்டம் படிச்சிருக்காரா?”

“வெல்லம் எடை போடத் தெரியுங்க.”

“பீஸ் எவ்ளோ வாங்கினாரு?”

“பிரியாணிங்க மேடம். ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாரு.”

கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டார். “பாத்தீங்களா! பாய் வூட்லயும் வக்கீல் இருக்குது! நாங்க சொன்னா மட்டும் தப்பா?”

மேடம் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்தார். “கைநாட்டு எதுவும் இன்னும் விழல. புதுசா எழுதுங்க பாய். இந்தத் தடவை அவங்க வாயில வந்த வார்த்தையாவே எழுதுங்க. வக்கீல்னா வக்கீல், கேசுன்னா கேசு, பலாப்பழம்னா பலாப்பழம், யாரு தின்னாங்கங்கறது உட்பட. ஆபீஸ்ல சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும்.”

ஆள் ஆளாகக் கேட்டு எழுதினேன். ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை “ஆமாங்க, அதேதாங்க” என்று தலையாட்டித் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி கைநாட்டு விழுந்ததும் மேடம், “இப்ப தண்ணி குடுங்க” என்றார்.

தண்ணீரோடு விட்டார்களா? ஒரு சேவலைப் பிடித்துக்கொண்டு கோவிந்தன் என் முன்னால் வந்தார். “பாய், நீங்களே ஓதி அறுத்துக் குடுங்க. அப்பத்தான நீங்களும் சாப்புட முடியும்.” ஓதி அறுத்துக் கொடுத்தேன். குழம்பு கொதிக்கும் நேரத்தில் மத்தியான லுஹர் தொழ இடம் தேடினேன். செல்லம்மா வீட்டிலிருந்து புதுப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து பாறை மேல் விரித்து, “எந்தப் பக்கம் பாத்துங்க?” என்று கேட்டு அந்தப் பக்கமாகவே திருப்பிப் போட்டார். அந்த மலைக்காற்றில் நெற்றியைத் தரையில் வைத்து அந்தப் பெண்ணுக்காகக் கேட்டேன். சாமைச் சோறும் சேவல் குழம்பும் இலைக்கு வந்தபோது மேடம் கோவிந்தனைப் பார்த்து, “இது பீஸ் இல்லையே?” என்றார். “நீங்க யாருக்கும் பேசலியே, கேட்டுக்கினுதான இருந்தீங்க” என்றார் அவர்.

அறிக்கையை மேடம் தன் கையாலேயே எழுதினார். இந்த ஊர் வழக்கில் வக்கீல் என்பது பிறருக்காகப் பேசுபவரைக் குறிக்கும் என்றும், எழுத்தறியாத அவள் தந்தையும் அதே பெயரால் அழைக்கப்பட்டார் என்றும், இஸ்லாமியத் திருமணத்திலும் இந்தச் சொல் இதே பொருளில் வழங்குகிறது என்றும் எழுதினார். ஊர்க்கூட்டத்தில் உட்கார்வதே அவளுடைய ஆராய்ச்சி என்று வழிகாட்டிப் பேராசிரியர் கொடுத்த சான்றையும் இணைத்தார். நான் சத்தமாகப் படித்தேன். எங்கேயும் தடுக்கவில்லை. என் நிக்காஹ் அரசாங்கப் பைலில் ஏறிய விஷயத்தை வீட்டில் சொன்னபோது மும்தாஜ், “எம் பேரையும் போட்டாங்களா?” என்றாள். போடவில்லை என்றதும் அன்றைக்குக் குழம்பில் உப்பு ஜாஸ்தி.

பதில் வரும்வரை அலமேலு போன் செய்வாள். ஒன்றும் கேட்க மாட்டாள். “சும்மாதான் சார்” என்பாள். நானும் சும்மாதான் பேசுவேன். மெஸ் பாக்கிக்காகக் கூட இருந்த பெண்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் இரண்டு தடவை பஸ் டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான்.

சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. நிறுத்தின பணத்தையும் சேர்த்து விடுவிக்கலாம். கடைசியில் ஒரு வரி: ஆய்வு முடியும்வரை இத்தகைய பணிகளைக் குறைத்துக்கொள்ள மாணவிக்கு அறிவுறுத்தவும். போனில் படித்துக் காட்டினேன். “இன்னொரு வாட்டி படிங்க சார்” என்றாள். படித்தேன். “இன்னொரு வாட்டி.” மூன்றாவது தடவை படிக்கும்போது எனக்கே எழுத்து மங்கிவிட்டது.

அந்தக் கடைசி வரியை ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பதிவை நிறுத்தி வைத்தோம் என்று பார் கவுன்சில் பதில் எழுதுவதற்குள் ஊர் முந்திக்கொண்டது. கூட்டம் போட்டு, படிப்பு முடிகிறவரை யாரும் அலமேலுவிடம் கேசு கொண்டுபோகக் கூடாது, வக்கீல் என்று கூப்பிடவும் கூடாது, கூப்பிட்டால் ஊருக்கு வெற்றிலை பாக்கு அபராதம் என்று முடிவு செய்தார்கள். தீர்மானத்தைப் படித்து முடித்ததும், “இன்னா வக்கீலம்மா, சரிதான?” என்று அங்கே உட்கார்ந்திருந்த அலமேலுவைக் கேட்டு முதல் அபராதம் கட்டியவர் கோவிந்தன்.

அதன்பிறகு நான் ஓய்வு பெற்றேன். மேடம் வேறு மாவட்டத்துக்குப் போனார். அலமேலு மட்டும் நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

பொது வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தாள். ஆராய்ச்சியை முடித்தவர் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்லவேண்டும். சபையில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். நான் போனேன். மேடமும் வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. ஊர் இறங்கியது. பேராசிரியர்களும் வக்கீல்களும் உட்கார்ந்திருந்த அந்த மண்டபத்தில் கடைசி நாலு வரிசையும் மலை. மிளகுத் தோட்டத்து அண்ணனும் புதுச் சட்டையில் வந்திருந்தான்.

அலமேலு பேசினாள். எனக்குப் பாதி புரிந்தது. தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசியில் தலைவர் வழக்கப்படி, “சபையிலிருந்து கேள்வி ஏதாவது உண்டா?” என்று கேட்டார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்து கேட்கிற கேள்வி அது. காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

கோவிந்தன் எழுந்து நின்றார்.

“ஐயா, எனக்கு ஒண்ணு கேக்கணும். எங்க ஊர்ல இன்னொரு பொண்ணு சட்டம் படிக்குது. அதுவும் இதே மாரி மேல படிக்கணும்னு சொல்லுது. அதுக்கும் இந்தப் பணம் வருங்களா?”

தலைவர் மூக்குக் கண்ணாடியை எடுத்தார். “அது இந்த ஆய்வு சம்பந்தப்பட்ட கேள்வி இல்லீங்களே பெரியவரே.”

“சம்பந்தம் இருக்குங்க சார்” என்றாள் அலமேலு. மேடையிலிருந்து கடைசி வரிசையைப் பார்த்தாள். “வரும் பெரீப்பா. லேட்டா வரும். வராட்டி நான் போய்ப் பேசறேன்.”